ஜவுஸ்டிங்: ஈட்டியை உடைக்கும் விளையாட்டு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடைக்கால ஐரோப்பா என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, இரும்புக் கவசம் போட்ட இரண்டு பேர் குதிரையில் பாய்ந்துவந்து ஈட்டியால் மோதிக்கொள்ளும் காட்சி. அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்குக் கதையே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜவுஸ்டிங் என்றால் என்ன?

இரண்டு குதிரைவீரர்கள் எதிரெதிர் முனைகளிலிருந்து குதிரையை விரட்டிக்கொண்டு வந்து, நீண்ட மர ஈட்டியால் ஒருவரையொருவர் தாக்கிவிட்டுக் கடந்துபோவது. ஒரு ஓட்டம் சில நொடிகளில் முடிந்துவிடும். பிறகு திரும்பி நின்று, புது ஈட்டி வாங்கிக்கொண்டு அடுத்த ஓட்டம்.

எதிராளியைக் கொல்வது இதில் நோக்கமே இல்லை. அவரைக் கீழே தள்ளினால் பெருமைதான், ஆனால் அதுவும் கட்டாயமில்லை. உங்கள் ஈட்டி எதிராளியின் உடம்பில் சரியான இடத்தில் பட்டு உடைய வேண்டும், அதற்குத்தான் புள்ளி. இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். கவசம் ஏன் அவ்வளவு கனம், நடுவில் ஏன் தடுப்பு, ஒரு நாட்டின் ராஜாவே ஏன் இதில் செத்தார் என்பது வரை எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

இது எப்படித் தொடங்கியது?

முதலில் இருந்தது ஜவுஸ்ட் அல்ல, 'மெலே' என்ற கூட்டுச் சண்டை. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 12ஆம் நூற்றாண்டிலும் வட பிரான்சில் இது பரவியது. இரண்டு அணிகள் மோதும், ஒவ்வொன்றிலும் பல பத்து பேர், சில நேரம் நூற்றுக்கணக்கானவர்கள். மைதானம் என்று தனியாக எதுவும் இல்லை. இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட வயல், தோப்பு, ஓடை எல்லாமே களம்தான். விதைத்த வயலை மிதித்துத் தள்ளினார்கள் என்றால் குடியானவர்கள் பாடு என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இது போருக்கான பயிற்சி, கூடவே நல்ல வருமானமும்கூட. தோற்றவரைச் சிறைபிடிக்கலாம், அவர் குதிரையையும் கவசத்தையும் எடுத்துக்கொள்ளலாம், மீட்புப் பணம் வாங்கலாம். மெலே தொடங்குமுன் ஓரிருவர் தனியாக ஈட்டியோடு மோதிப் பார்ப்பதும் உண்டு. அந்த முன்னோட்டம்தான் பிற்காலத்தில் தனி விளையாட்டாக வளர்ந்தது.

அந்தக் காலத்தில் இதை வைத்துப் பணக்காரர் ஆனவர் யாராவது உண்டா?

உண்டு. வில்லியம் மார்ஷல். சுமார் 1146இல் இங்கிலாந்தில் ஒரு சாதாரணப் பிரபுவின் இளைய மகனாகப் பிறந்தவர், அதனால் சொத்தில் பங்கு கிடையாது. இளமையில் கலந்துகொண்ட ஒரு சண்டையில் நன்றாகப் போரிட்டார், ஆனால் யாரையும் பிடிக்கவில்லை, தன் குதிரையையும் இழந்துவிட்டார். அன்றிரவு விருந்தில் ஒரு பிரபு அவரிடம், "எனக்கு ஒரு பழைய சேணவாராவது பரிசாகக் கொடேன்" என்று கேட்டுக் கிண்டலடித்தாராம். அத்தனை பேரை அடித்தும் ஒரு குதிரைகூடக் கையில் இல்லையே என்பதுதான் அதன் பொருள்.

மார்ஷல் பாடம் கற்றுக்கொண்டார். பின்னாளில் இன்னொரு வீரரோடு கூட்டுச் சேர்ந்து, பிடிப்பதைப் பங்கு போட்டுக்கொள்வது என்று ஒப்பந்தம் செய்துகொண்டார். ஓர் ஆண்டுக்கும் குறைவான காலத்தில் இருவரும் 103 வீரர்களைப் பிடித்ததாகச் சமையலறைக் கணக்கர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். குதிரைகளும் சாமான்களும் அந்தக் கணக்கில் சேராது!

அவரைப் பற்றிய இன்னொரு கதையைச் சொல்லாமல் விட முடியாது. ப்ளூர் என்ற ஊரில் நடந்த போட்டி முடிந்தபின், சிறந்த வீரருக்கான பரிசாக ஒரு பெரிய மீனைத் தூக்கிக்கொண்டு அவரைத் தேடினார்கள். கண்டுபிடித்தது கொல்லன் பட்டறையில். அடிவாங்கி நசுங்கிய தலைக்கவசம் கழலவில்லை. பட்டடையில் தலையை வைத்து அவர் குனிந்திருக்க, கொல்லன் சுத்தியலால் தட்டித் தட்டி அதைக் கழற்றிக்கொண்டிருந்தான். இதே மனிதர்தான் பிற்காலத்தில் சிறுவன் மூன்றாம் ஹென்றிக்காக இங்கிலாந்தையே ஆளும் பொறுப்பை ஏற்றார்.

கிறிஸ்தவத் திருச்சபை இதைத் தடை செய்ததா?

செய்தது, ஒரு முறையல்ல பல முறை. 1130இல் கிளெர்மோன்ட் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் முதல் தடை வந்தது. 1139இல் இரண்டாம் லாத்தரன் பொதுச்சங்கம் அதை மீண்டும் சொன்னது. போட்டியில் இறந்தவருக்குத் திருச்சபைக் கல்லறையில் இடம் கிடையாது என்றார்கள். யாரும் கேட்கவில்லை. 1241இல் ஜெர்மனியின் நாய்ஸ் நகருக்கு அருகே நடந்த போட்டியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் அடிபட்டுச் சாகவில்லை, வெயிலிலும் புழுதியிலும் கவசத்துக்குள் மூச்சுத் திணறிப் போனார்கள். அதற்குப் பிறகும் போட்டிகள் நிற்கவில்லை. கடைசியில் 1316இல் போப் இருபத்திரண்டாம் ஜான் தடையை விலக்கிக்கொண்டார்.

அரசர்கள் வேறு வழி கண்டார்கள். இங்கிலாந்தின் முதலாம் ரிச்சர்ட் 1194இல் ஐந்து இடங்களில் மட்டும் போட்டி நடத்த அனுமதித்து, நுழைவுக் கட்டணமும் விதித்தார். ஏர்ல் பட்டக்காரருக்கு 20 மார்க் (அன்றைய பணக் கணக்கு), பாரனுக்கு 10, நிலமுள்ள வீரருக்கு 4, நிலமில்லாதவருக்கு 2. ஒழுங்குக்கு ஒழுங்கு, கஜானாவுக்கு வரவு.

மெலேயை விட்டுவிட்டு எல்லோரும் ஜவுஸ்டுக்கு ஏன் வந்தார்கள்?

மெலேயில் நூறு பேர் புழுதிக்குள் முட்டிமோதுவார்கள். யார் யாரை அடித்தார் என்பது பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. ஜவுஸ்டில் இரண்டே பேர். யார் நன்றாகத் தாக்கினார், யார் குதிரையிலேயே தடுமாறினார் என்பது மைதானம் முழுக்கத் தெரியும். பெயர் வாங்க நினைப்பவனுக்கு இதைவிட நல்ல மேடை கிடையாது. பார்க்க வந்தவர்களுக்கும் கதை புரிந்தது. சாவும் குறைந்தது. 14ஆம் நூற்றாண்டுக்குள் ஜவுஸ்ட் முன்னுக்கு வந்துவிட்டது. மெலே முழுதாகப் போய்விடவில்லை, இடம் மட்டும் சுருங்கியது.

முகம் தெரியாத கவசத்துக்குள் இருப்பவர் யார் என்று கூட்டத்துக்குச் சொன்னவர்கள் கட்டியக்காரர்கள். கேடயத்திலும் தலைக்கவச உச்சியிலும் இருக்கும் குலச்சின்னத்தைப் பார்த்தே இன்ன வீட்டுப் பிள்ளை என்று அடையாளம் சொல்வது அவர்கள் தொழில்.

வெற்றி யாருக்கு என்று எப்படி முடிவு செய்வார்கள்?

புள்ளிக் கணக்குதான். ஊருக்கு ஊர் விதி மாறும். எழுத்தில் தெளிவாகக் கிடைப்பது, வூஸ்டர் ஏர்ல் ஜான் டிப்டாஃப்ட் 1466இல் இங்கிலாந்து அரசருக்காக வகுத்த விதிகள். (இவர் பெரிய படிப்பாளி. அதே சமயம், கைதிகளைக் கொன்ற கொடூரத்துக்காக 'இங்கிலாந்தின் கசாப்புக்காரர்' என்ற பெயரும் வாங்கியவர். விளையாட்டு விதிகளை மட்டும் மிகவும் நியாயமாக எழுதியிருக்கிறார்.)

சேணத்துக்கு மேலே, தலைக்கவசம் மார்புக் கவசத்தோடு பூட்டப்படும் இடம் வரை எங்கே பட்டு ஈட்டி உடைந்தாலும் ஓர் ஈட்டிக் கணக்கு. அந்தப் பூட்டுக்கு மேலே, அதாவது தலையில் பட்டு உடைந்தால் இரண்டு. எதிராளி குதிரையிலிருந்து விழுந்தாலோ, அடுத்த ஓட்டம் ஓட முடியாதபடி ஆனாலோ மூன்று. ஓடி வரும் வேகத்தில் இருவரின் ஈட்டி முனைகளும் நேருக்கு நேர் முட்டி உடைந்தால் அதற்கும் மூன்று. அது எவ்வளவு அபூர்வமாக நடக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கழிவும் உண்டு. எதிராளியின் சேணத்தில் பட்டு உடைந்தால் ஒன்று போகும். தடுப்பில் இடித்தால் இரண்டு. முனையிலிருந்து ஓர் அடிக்குள் மட்டும் ஒடிந்திருந்தால் அது உடைந்த ஈட்டியாகக் கணக்கில் வராது, நல்ல தொடுகை என்று மட்டும் எழுதிக்கொள்வார்கள். குதிரையைத் தாக்கினாலோ, முதுகைக் காட்டி நிற்பவரைத் தாக்கினாலோ, ஈட்டி இல்லாதவரைத் தாக்கினாலோ பரிசுக்கு ஆசைப்பட வேண்டாம்.

இதையெல்லாம் எழுதிவைக்க ஒரு கட்டம் வரைவார்கள். அதன் கோடுகளில் ஓட்டம், தொடுகை, உடைந்த ஈட்டி என்று சிறு சிறு கீறல்கள் போடுவார்கள். இங்கிலாந்தின் ட்யூடர் அரச வம்சக் காலத்து அட்டைகள் சில இன்னும் இருக்கின்றன. கிரிக்கெட் ஸ்கோர் புத்தகம் எழுதிப் பழகியவருக்கு அதைப் பார்த்ததும் பாதி புரிந்துவிடும்.

ஈட்டி முனை கூர்மையாக இருக்குமா?

இரண்டு வகையும் இருந்தன. 'போர் ஜவுஸ்ட்' என்றால் போரில் பிடிக்கும் அதே கூர் ஈட்டி. பகை நாட்டு வீரர்கள் போர் இடைவேளையில் சவால் விட்டு மோதிக்கொண்டபோது இதுதான். 'சமாதான ஜவுஸ்ட்' என்றால் முனையில் கிரீடம் போல மூன்று நான்கு மொட்டைப் பற்கள் உள்ள இரும்புப் பூண். அது கவசத்துக்குள் இறங்காது, பரப்பில் பிடித்துக்கொண்டு முழு வேகத்தையும் மரத்துக்குத் திருப்பிவிடும். மரம் வெடித்துச் சிதறும். சில ஈட்டிகளை உள்ளே குடைந்து லேசாக்கி, உடைவதற்காகவே செய்தார்கள்.

நீளம் மூன்று நான்கு மீட்டர் வரை இருக்கும். வலது அக்குளில் இடுக்கி, குதிரையின் கழுத்துக்குக் குறுக்கே இடப்பக்கமாக நீட்டிப் பிடிக்க வேண்டும். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்புக் கவசத்தின் வலப்பக்கத்தில் ஒரு கொக்கித் தாங்கி வந்தது. தாக்கும்போது ஈட்டி பின்னுக்கு வழுக்காமல் அது தாங்கிக்கொண்டது. கையும் மணிக்கட்டும் பிழைத்தன, அடியோ முன்பைவிடக் கடுமையானது.

நடுவில் இருக்கும் அந்தத் தடுப்பு எதற்கு?

குதிரைகள் முட்டிக்கொள்ளாமல் இருக்க. ஆரம்பத்தில் அது கிடையாது. இரண்டு கனமான குதிரைகள் நேருக்கு நேர் மோதினால் மேலே இருப்பவர் கவசம் எதற்கும் உதவாது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலில் கயிற்றில் துணி கட்டினார்கள், பிறகு பலகைத் தடுப்பாயிற்று. ஒவ்வொருவரும் தடுப்பைத் தன் இடப்பக்கம் வைத்துக்கொண்டு ஓடுவார். அதனால் ஈட்டி சாய்வாகத்தான் படும், இடப்பக்கம்தான் அடி வாங்கும். ஜவுஸ்ட் கவசத்தில் இடது தோளும் இடது கையும் வலப்பக்கத்தைவிடத் தடித்திருப்பது அதனால்தான்.

கவசம் போட்டவரைக் கிரேன் வைத்துக் குதிரையில் ஏற்றினார்களாமே?

இல்லை. போர்க் கவசம் சுமார் 20 முதல் 25 கிலோ. அந்தக் கனம் உடம்பு முழுக்கப் பரவியிருப்பதால் ஓடலாம், விழுந்தால் எழலாம், குதிரையில் தானே ஏறலாம். ஜவுஸ்டுக்கென்றே செய்த ஜெர்மன் கவசங்கள் வேறு ரகம். 40 கிலோவைத் தாண்டியவை உண்டு. அவற்றைப் போட்டுக்கொண்டு நடப்பது கஷ்டம், ஆனால் நடக்க வேண்டிய தேவையும் இல்லை. ஏறுவதற்குப் படிமேடையும் ஆட்களும் இருந்தார்கள்.

அந்தத் தலைக்கவசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தவளை வாய் போல முன்னே நீண்ட தாடையும், அதற்கு மேலே ஒரு குறுகிய பிளவும் இருக்கும். முன்னால் குனிந்தால்தான் பிளவு வழியாகப் பாதை தெரியும். மோதுவதற்குச் சற்று முன் தலையை நிமிர்த்திவிட வேண்டும். அப்போது கண்ணுக்கு நேரே இரும்புதான் இருக்கும், சிராய் உள்ளே வராது. கடைசி நொடியில் எதிராளி கண்ணில் தெரியமாட்டார் என்பது அதற்குக் கொடுத்த விலை.

புனித ரோமப் பேரரசர் முதலாம் மாக்ஸிமிலியன் காலத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். மார்பில் வில்சுருள் வைத்த பொறி ஒன்று உண்டு. ஈட்டி சரியான இடத்தில் பட்டால் கேடயத் துண்டுகள் தாமாகவே விடுபட்டு ஆகாயத்தில் பறக்கும். சண்டைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, எல்லாம் கூட்டத்தின் கைதட்டலுக்காக.

குதிரைகள் பிரம்மாண்டமாக இருந்திருக்கும், இல்லையா?

அப்படித்தான் ஓவியங்களிலும் திரையிலும் காட்டுகிறார்கள். இங்கிலாந்தில் கிடைத்த இடைக்காலக் குதிரை எலும்புகளை அளந்து பார்த்தவர்கள், பெரும்பாலானவை தோள் உயரத்தில் 148 செ.மீ.க்கும் குறைவு என்கிறார்கள். இன்றைய கணக்கில் அது மட்டக்குதிரை. போர்க்குதிரையின் மதிப்பு அதன் பயிற்சியிலும் துணிச்சலிலும் இருந்தது. ஜெர்மன் நாடுகளில் சில வகை ஜவுஸ்டுகளில் குதிரையின் கண்ணை இரும்பு முகமூடியால் முழுதாக மூடிவிடுவார்கள், எதிரே வருவதைப் பார்த்து அது ஒதுங்கிவிடக் கூடாது என்பதற்காக.

யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாமா?

முடியாது. இது மேல்தட்டு விளையாட்டு. குதிரை, கவசம், உதவியாட்கள், ஓட்டத்துக்கு ஓட்டம் உடையும் ஈட்டிகள் என்று செலவே பாதிப் பேரை வடிகட்டிவிடும். போதாததற்குக் குலமும் பார்த்தார்கள். 15ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் போட்டிச் சங்கங்கள் முன்னோர்கள் எல்லாம் பிரபு வம்சம்தானா என்று சான்று கேட்டன. பணக்கார வணிகர் மகன் வெளியே நிற்க வேண்டியதுதான். வீரத்துக்கான போட்டி என்று சொல்லிக்கொண்டு வாசலில் வம்சாவளி கேட்டதை என்னால் ரசிக்க முடியவில்லை.

பார்க்க யார் வந்தார்கள்? டிக்கெட் உண்டா?

ஊரே வந்தது. லண்டனில் 1331இல் சீப்சைட் கடைவீதியில் மணல் கொட்டி மூன்றாம் எட்வர்ட் போட்டி நடத்தினார். ராணி பிலிப்பாவும் தோழிகளும் உட்கார்ந்திருந்த மரமேடை சரிந்து விழுந்தது. தச்சர்களைத் தண்டிக்க வேண்டும் என்று அரசர் கொதிக்க, ராணி மண்டியிட்டுக் கெஞ்சி அவர்களைக் காப்பாற்றினார். 1390இல் ஸ்மித்ஃபீல்டு போட்டிகளுக்கு மேடை கட்டும் வேலையைக் கவனித்த அரசு அதிகாரியின் பெயர் ஜெஃப்ரி சாசர். ஆம், ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப்படும் அதே சாசர்தான்.

டிக்கெட்டும் பிற்காலத்தில் வந்தது. முதலாம் எலிசபெத் பட்டமேறிய நாளான நவம்பர் 17 அன்று ஆண்டுதோறும் வைட்ஹால் அரண்மனையில் ஜவுஸ்ட் நடக்கும். 1584இல் அதைப் பார்த்த ஜெர்மானியப் பயணி ஒருவர், 12 பென்ஸ் கொடுத்தால் யாருக்கும் மேடையில் இடம் கிடைத்தது என்று எழுதியிருக்கிறார். அன்றைய கூலிக்காரருக்கு அது சின்னத் தொகை அல்ல.

பெண்கள் வெறும் அலங்காரமாக உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் முழு உண்மை இல்லை. ஹென்றி நைட்டன் என்ற துறவி 1348ஐப் பற்றி எழுதும்போது, நாற்பது ஐம்பது சீமாட்டிகள் ஆண் உடை போட்டு, இடுப்பில் கத்தி செருகி, நல்ல குதிரைகளில் போட்டிக்குப் போட்டி சுற்றினார்கள் என்று புலம்புகிறார். அதற்குத் தண்டனையாகக் கடவுள் பெருமழையை அனுப்பினாராம். மழை ஆண்களையும்தானே நனைத்திருக்கும்?

வேஷம் போட்டு, கதை கட்டி ஜவுஸ்ட் நடத்தினார்களா?

நடத்தினார்கள், அதுவும் சாதாரண வேஷம் இல்லை. 1227இல் உல்ரிக் ஃபோன் லீக்டென்ஸ்டைன் என்ற ஆஸ்திரியப் பிரபு வீனஸ் தேவதையாகப் பெண் உடையும் பின்னலும் வைத்துக்கொண்டு வெனிஸ் பக்கத்திலிருந்து பொஹீமியா எல்லைவரை போனார். வழியில் தன்மேல் ஈட்டி உடைக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு தங்க மோதிரம். தான் வீழ்த்தியவர் நான்கு திசைக்கும் வணக்கம் செலுத்த வேண்டும், தன் காதலியின் பெயரால். மொத்தம் 307 ஈட்டிகளை உடைத்ததாக அவரே தன் கவிதையில் கணக்குச் சொல்கிறார். கணக்கை எழுதியவரும் அவர், கதாநாயகனும் அவர் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இதைவிடப் பிடித்தது ஸ்பெயின் கதை. லியோன் பகுதியில் ஓர்பிகோ ஆற்றின்மேல் நீளமான கல்பாலம் ஒன்று. சாந்தியாகோவுக்குப் போகும் யாத்திரை வழி அது. 1434 கோடையில் சுவேரோ தே கிஞோனெஸ் என்ற இளைஞர் ஒன்பது தோழர்களோடு அங்கே முகாம் போட்டார். காதலின் கைதி என்பதற்கு அடையாளமாக வியாழக்கிழமைதோறும் கழுத்தில் இரும்பு வளையம் மாட்டிக்கொள்வது அவர் வழக்கம். 300 ஈட்டிகள் உடைந்தால் அந்தச் சிறையிலிருந்து விடுதலை என்று அரசரிடம் அனுமதி வாங்கி வந்திருந்தார். அந்த வழியாகப் போகும் வீரர்கள் மோத வேண்டும். துணை இல்லாமல் வரும் சீமாட்டி வலது கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், யாராவது வீரர் அவருக்காக மோதி அதை மீட்கும் வரை.

ஏறக்குறைய ஒரு மாதம் நடந்தது. ஒரு நோட்டரி உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டத்தையும் எழுதினார். அதனால்தான் இவ்வளவு தெரிகிறது. அரகோன் நாட்டு வீரர் ஒருவர் கண்ணில் ஈட்டி பாய்ந்து இறந்தார். அவருக்குப் புனித மண்ணில் கல்லறை தரப் பாதிரிமார் மறுத்துவிட்டார்கள். தோழர்களில் பலர் காயப்பட்டார்கள். 300ஐ எட்டவே இல்லை. ஆனாலும் நடுவர்கள், போதும் என்று வளையத்தைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். பாலம் இன்றும் இருக்கிறது. அந்த ஊரில் ஆண்டுதோறும் ஜூன் மாதம் விழா எடுக்கிறார்கள்.

இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி நிஜமாகவே நன்றாக விளையாடினாரா?

இளமையில் நன்றாகவே. 1511இல் ஆண் குழந்தை பிறந்த மகிழ்ச்சிக்கு வெஸ்ட்மின்ஸ்டரில் இரண்டு நாள் ஜவுஸ்ட் நடத்தினார். சுமார் 18 மீட்டர் நீள ஓவியச் சுருளில் அது அப்படியே இருக்கிறது. விழா முடிந்த சில நாட்களில் குழந்தை இறந்துவிட்டது.

1524 மார்ச்சில் தலைக்கவசத்தின் முகமூடியை இறக்க மறந்து ஓடினார். கூட்டம் "நிறுத்து" என்று கத்தியது. எதிரே வந்த சஃபோக் டியூக் சார்ல்ஸ் பிராண்டனுக்குத் தன் தலைக்கவசத்துக்குள் எதுவும் தெரியவில்லை, கேட்கவுமில்லை. ஈட்டி அரசரின் நெற்றிக்கு அருகே பட்டு உடைந்தது, தலைக்கவசம் முழுக்க மரச்சிராய். ஒரு கீறலும் இல்லை! தனக்கு ஒன்றுமில்லை என்று காட்ட இன்னும் ஆறு ஓட்டம் ஓடினார். அதிர்ஷ்டம் 1536 ஜனவரியில் தீர்ந்தது. கிரீன்விச்சில் குதிரையோடு விழுந்தார். அப்போது வயது 44. அதோடு களத்தை விட்டார். அந்த அடிதான் அவர் குணத்தைக் கெடுத்தது என்று சிலர் எழுதுகிறார்கள், ஆனால் அதற்கு முன்பும் அவர் சாதுவாக இருந்ததில்லை.

ஜவுஸ்டில் இறந்த ராஜா யார்?

பிரான்ஸ் மன்னர் இரண்டாம் ஹென்றி. 1559 ஜூன் 30. ஸ்பெயினோடு சமாதானம் ஆகி, மகளுக்கும் தங்கைக்கும் கல்யாணம் என்று பாரிஸில் பெருவிழா. செயிந்த் ஆந்துவான் தெருவின் கல்லைப் பெயர்த்து மைதானமாக்கியிருந்தார்கள். 40 வயது மன்னர் அன்று நன்றாகவே ஓடினார். கடைசியாகத் தன் ஸ்காட்லாந்துக் காவல்படையின் தலைவர் கப்ரியேல் தெ மோன்கோமெரியோடு மோதியபோது சற்றே ஆட்டம் கண்டார். அது பொறுக்காமல் இன்னொரு ஓட்டம் வேண்டும் என்றார். போதும் என்று சுற்றியிருந்தவர்கள் சொல்லியும் கேட்கவில்லை.

மோன்கோமெரியின் ஈட்டி உடைந்தது. அது விதிப்படி சரியான அடி. ஆனால் உடைந்த அடித்துண்டு மேல்நோக்கிச் சறுக்கி முகமூடியைத் திறந்துவிட, நீண்ட சிராய்கள் கண்ணுக்கு அருகே உள்ளே போய்விட்டன. அக்காலத்தின் மிகச் சிறந்த அறுவைச் சிகிச்சையாளர் அம்புவாஸ் பாரேயும், உடற்கூற்றியல் மேதை வெசாலியுஸும் வந்து பார்த்தார்கள். மரண தண்டனை பெற்றவர்களின் தலைகளில் அதே மாதிரி சிராயைக் குத்திப் பார்த்துக் காயத்தின் ஆழத்தை அறிய முயன்றதாகச் சொல்கிறார்கள். பலனில்லை. ஜூலை 10 அன்று மன்னர் இறந்தார்.

பதினைந்து வயது மகன் அரியணை ஏறினான். அவனும் அடுத்த ஆண்டே இறந்தான். 1562இல் கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் இடையே மதப்போர்கள் வெடித்தன. விதவை ராணி காத்தரின் தெ மெதிசி, கணவர் இறந்த தூர்னெல் அரண்மனையை இடிக்கச் சொன்னார். அந்த இடத்தில்தான் இன்றைய வோஸ்ஜ் சதுக்கம் இருக்கிறது. மோன்கோமெரியை மன்னர் மன்னித்துவிட்டார் என்பார்கள். பின்னர் அவர் புராட்டஸ்டன்ட் படைத்தலைவராகி, 1574இல் பிடிபட்டுத் தலை இழந்தார்.

அதோடு ஜவுஸ்டிங் நின்றுவிட்டதா?

பிரான்சில் மவுசு போயிற்று. இங்கிலாந்தில் 1620கள் வரை இழுத்துக்கொண்டு வந்தது. துப்பாக்கி வந்ததால் அழிந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் துப்பாக்கி பரவிய 16ஆம் நூற்றாண்டில்தான் ஜவுஸ்ட் மிக ஆடம்பரமாக நடந்தது. போரோடு அதற்கிருந்த தொடர்பு முன்பே அறுந்துவிட்டது. அரண்மனை ரசனை மாறியதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அடி வாங்காமலே அழகு காட்டும் வளையம் குத்துதல், குதிரை நடனம் எல்லாம் வந்தன. 1662இல் பதினான்காம் லூயி நடத்திய அப்படி ஒரு காட்சியின் பெயரால்தான் பாரிஸில் கருசேல் சதுக்கம் இருக்கிறது.

எக்லிண்டன் போட்டி என்கிறார்களே, அது என்ன?

1839 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தில் எக்லிண்டன் ஏர்ல் தன் மாளிகையில் நடத்திய 'பழையபடி' டோர்னமெண்ட். பிற்காலத்தில் பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் ஆன லூயி நெப்போலியனும் கலந்துகொண்டார். ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வந்தார்கள். செலவு சுமார் 40,000 பவுன் என்பார்கள். ஊர்வலம் புறப்பட்டதும் மழை பிடித்துக்கொண்டது. மேடைக் கூரை ஒழுகியது, மைதானம் சேறானது, போட்டியின் 'ராஜா'வாக வந்த லண்டன்டெர்ரி பிரபு ராஜவேஷத்திலேயே குடை விரித்தார். பத்திரிகைகளுக்குப் பல நாள் தீனி. இரண்டு நாள் கழித்து வெயில் வந்தபின் ஒழுங்காக நடத்தினார்கள், ஆனால் ஊர் நினைவில் நின்றது குடைதான்.

இன்று இதை எங்கே பார்க்கலாம்?

ஆளோடு ஆள் மோதுவதைவிட இலக்கைக் குத்தும் விளையாட்டுகள்தான் தொடர்ச்சியாக உயிரோடு இருக்கின்றன. குரோஷியாவில் சின்ஜ் ஊரின் 'அல்கா' அவற்றில் முக்கியமானது. 1715இல் ஒட்டோமான் படையை விரட்டிய நினைவாக ஒவ்வொரு ஆகஸ்டிலும் நடக்கிறது. தொங்கவிட்ட இரும்பு வளையத்தைப் பாயும் குதிரையில் இருந்தபடி ஈட்டியால் குத்த வேண்டும். நடு வட்டத்துக்கு 3 புள்ளி, வெளிப் பகுதிகளுக்கு 2 அல்லது 1. அந்த வட்டாரத்துக்காரர்கள் மட்டுமே ஓடலாம். 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

இத்தாலியில் அரெட்ஸோ நகரில் ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனிலும் செப்டம்பரிலும், சுழலும் மரப் பொம்மையைக் குத்துகிறார்கள். குத்திவிட்டு வேகமாக விலகவில்லை என்றால் பொம்மை சுழன்று தன் சாட்டையால் முதுகில் ஒன்று வைக்கும். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்துக்கு 1962 முதல் ஜவுஸ்டிங்தான் அதிகாரபூர்வ விளையாட்டு. அங்கேயும் வளையம்தான், கடைசிச் சுற்றில் 6 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறியது. நம் ராணுவக் குதிரைப்படையினர் தரையில் அடித்த முளையை ஈட்டியால் பிடுங்கும் கூடார முளை விளையாட்டும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

முழு மோதல் வேண்டும் என்றால் இங்கிலாந்துக் கோட்டைகளில் கோடைக்கால நிகழ்ச்சிகள் உண்டு. ஈட்டி முனைக்குப் பால்சா போன்ற லேசான மரம் வைக்கிறார்கள், சுலபமாக உடையட்டும் என்று.

அப்படியானால் இப்போது ஆபத்தில்லையா?

இருக்கிறது. 2007இல் இங்கிலாந்தில் தொலைக்காட்சிப் படப்பிடிப்புக்காக நடந்த ஜவுஸ்டில், பால்சா முனையிலிருந்து தெறித்த ஒரு சிராய் கண்பிளவு வழியாகப் போய், குதிரையில் வந்த ஒருவர் சில நாட்களில் இறந்தார். 1559க்கும் 2007க்கும் நடுவே மரம் மாறியது, மருத்துவம் மாறியது, காயம் மாறவில்லை. பார்க்கப் போனால் தடுப்புக் கயிற்றுக்கு வெளியே, கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள். குழந்தைகள் சிதறிய ஈட்டித் துண்டைப் பொறுக்க ஓடுவார்கள், அடுத்த ஓட்டம் முடியும்வரை பிடித்து வையுங்கள்.

ஒலிம்பிக்கில் சேருமா?

2016இல் இங்கிலாந்தின் பழஞ்சின்னங்களைப் பராமரிக்கும் இங்கிலிஷ் ஹெரிடேஜ் அமைப்பு அப்படி ஒரு பிரசாரம் நடத்திப் பார்த்தது. இதுவரை சேரவில்லை.